கொடிமுந்திரிகையில் சாம்பல் நோய்: பண்டாரவளையில் ஒரு போகம் செய்து பார்த்தது

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே பந்தல் போட்டு ஒரு கொடிமுந்திரிகை, அதாவது திராட்சைக் கொடி, விட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் கொடுத்த இஸ்ரேல் புளூ என்ற இனத்துத் தடி. போன போகம் நன்றாகக் காய்த்தது, ஆனால் வாய்க்கு ஒன்றும் எட்டவில்லை. பட்டாணி அளவு வந்த காய்களில் விபூதி பூசியது போல வெள்ளை படர்ந்து, தோல் இறுகி, பிறகு வெடித்து விதை வெளியே தெரிந்தது. இந்த முறை மே மாதக் கவ்வாத்திலிருந்தே, அதாவது கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்தே, அந்தச் சாம்பல் நோயைக் கணக்கில் வைத்து வேலை செய்தேன்.

மலையகத்தில் இலையில் பூஞ்சை என்றாலே மழையையும் மூட்டத்தையும்தான் நினைப்போம். தேயிலைக் கொப்புள நோய் அப்படித்தான். 1946இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து ஈரக் காலத்தில்தான் ஆட்டம் போடுகிறது, அதற்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் முந்திரிகைக்கும் மழை நேரத்தில் செம்பு அடித்துவிட்டு, வெயில் வந்ததும் தகரத்தை மூடி வைத்துவிடுகிறோம். சாம்பல் நோய் கிளம்புவதே அப்போதுதான். இந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை நனைய வேண்டியதில்லை, காற்றில் உள்ள ஈரம் போதும். நல்ல மழை பெய்தால் வித்துகள் கழுவுப்பட்டுப் போகும். 20 முதல் 27 பாகை வரையான இதமான சூடும், நிழலும், காற்று ஓடாத நெருக்கமும்தான் அதற்கு வேண்டும். ஊவாப் பக்கத்து ஜூன், ஜூலை, ஓகஸ்ட் அதற்கென்றே செய்து வைத்த மாதங்கள். அந்தச் சூட்டில் ஒரு வித்து விழுந்து, வளர்ந்து, புது வித்துகளை உதிர்க்க ஒரு வாரம் போதும். 35 பாகை தாண்டினால் அது தானாக வாடும், ஆனால் எங்கள் ஊரில் அவ்வளவு வெயிலுக்கு வழியில்லை.

செம்பு மருந்து கேட்கிற நோய் முந்திரிகையிலும் உண்டு. அது அடிச்சாம்பல் நோய். இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டது போல மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு. மழைக்காலத்தில் அதுவும் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து வாங்குவது வீண் செலவு. நான் பெருவிரலால் தேய்த்துப் பார்ப்பேன். சாம்பல் நோய் என்றால் தூள் விரலில் ஒட்டிக்கொண்டு வரும், இலை பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். பிள்ளைகளின் பூதக்கண்ணாடி வழியே பார்த்தால் அந்தத் தூள் மெல்லிய நூல்வலையாகத் தெரியும். பூஞ்சையின் உடல் முழுக்க இலைக்கு வெளியேதான் கிடக்கிறது. உறிஞ்சுகிற நுனிகளை மட்டும் மேல்தோலுக்குள் இறக்கியிருக்கிறது. மேலே கிடப்பதால்தான் கந்தகம், பால் போன்ற சாதாரணப் பொருள்களுக்கே அது கட்டுப்படுகிறது.

மே கவ்வாத்தில் தடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். போன போகம் நோய் பிடித்த தடிகளில் கருஞ்சிவப்பு வலைக்கோலம் பதிந்திருந்தது. அந்தத் தடிகளின் மொட்டுக்குள்ளேயே பூஞ்சை ஒளிந்திருக்கும், தளிரோடு சேர்ந்து அதுவும் எழும்பும். காய்க்கிற தடி குறைந்தாலும் பரவாயில்லை என்று அவற்றை அடியோடு எடுத்தேன். பழைய இலைகளையும் கூட்டி எரித்தாயிற்று. தளிர் ஒரு சாண் வந்தபோது இரண்டு தளிர்கள் மட்டும் குறுகி, சுருண்டு, முழுக்க வெளுத்து நின்றன. அவற்றை ஆட்டாமல் ஒரு பையை மேலே கவிழ்த்து, பைக்குள்ளேயே ஒடித்து எடுத்தேன். ஆட்டினால் பந்தல் முழுக்கத் தூவிவிடும்.

பக்கத்து வீட்டு மாமா கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது எங்க ரப்பர்ல துளிர் விடுற நேரம் வர்ற சீக்கு மாதிரியே இருக்கு. அதுக்குக் கந்தகத் தூள்தான் அடிப்போம், விடியக் காலையில." ரப்பருக்கு வருவது வேறு பூஞ்சை, ஆனால் குடும்பம் ஒன்று, மருந்தும் ஒன்று. 1845இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் டக்கர் என்ற தோட்டக்காரர்தான் ஐரோப்பாவில் முதன்முதலாக இந்த முந்திரிகை நோயைக் கவனித்தவர். அவரும் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் கலந்துதான் அடித்துப் பார்த்தார். இத்தனை காலம் கழித்தும் கந்தகத்துக்கு இந்தப் பூஞ்சை பழகிக்கொள்ளவில்லை. புதிய மருந்துகள் பலவற்றுக்கு அது பழகிவிட்டது. எனக்குக் கந்தகத்தின் மேல் மதிப்பு வந்தது அதனால்தான்.

நான் எடுத்தது நீரில் கரையும் 80 வீதக் கந்தகம், லீட்டருக்கு 2.5 கிராம். தளிர் ஒரு சாண் வந்ததும் முதல் தடவை, பூ விரிவதற்கு முன் ஒன்று, பூ முடிந்ததும் ஒன்று, அதன்பின் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில். காய் பிடித்த முதல் மூன்று நான்கு வாரங்கள்தான் உயிர் நாடி. அதற்குப் பிறகு காயின் தோல் புதிதாக நோயை ஏற்பது மிகவும் குறைவு. போன போகம் காய் அழிந்ததும் இந்த இடைவெளியில்தான்.

நேரத்தை எங்கள் குளிருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். கந்தகம் ஆவியாகித்தான் பூஞ்சையைக் கொல்கிறது. 18 பாகைக்குக் கீழே அது மந்தம், 32க்கு மேலே இலையைக் கருக்கும். கீழ்நாட்டில் கருகும் என்று பயந்து விடியற்காலையில் அடிப்பார்கள். இங்கே விடிய அடித்தால் குளிரில் சும்மா கிடக்கும். பனி காய்ந்து வெயில் ஏறத் தொடங்கும் ஒன்பது மணி வாக்கில் அடித்தேன், நண்பகல் சூட்டில் அது வேலை செய்தது. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், கண்ணில் பட்டால் எரிச்சல் பொறுக்க முடியாது. வேப்பெண்ணெய் அடிக்கிறவர்கள் அதற்கும் கந்தகத்துக்கும் இடையே இரண்டு வாரமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும்.

பந்தலின் ஒரு மூலைக்கு மட்டும் கந்தகம் அடிக்காமல் பசும்பால் அடித்தேன், ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வெயில் படுகிற இலைகளில் நன்றாகவே நின்றது. குலைக்கு உள்ளே போகவில்லை; அங்கே காம்போரம் வெள்ளை எட்டிப் பார்த்தது. குழந்தைகள் கைபடும் இடத்தில் இரண்டு மூன்று கொடி வைத்திருப்பவர்களுக்கு, நோய் வருவதற்கு முன்பே தொடங்கினால், பால் போதும் என்பது என் அபிப்பிராயம். அப்பச்சோடாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்: ஒரு தூறலுக்கே கழுவுப்பட்டுப் போகும், திரும்பத் திரும்ப அடித்தால் மண்ணில் உப்புச் சேரும்.

பந்தலின் கிழக்குப் பாதியில் வெயில் விழும். மேற்குப் பாதிக்குப் பக்கத்து பட்டர்புரூட் மரத்தின் நிழல். இரண்டுக்கும் ஒரே கந்தகம், ஒரே நாள். கிழக்கில் குலைகள் சுத்தம், மேற்கில் அங்கங்கே தூள். ஜூலையில் மேற்குப் பக்கம் குலையைச் சுற்றியிருந்த இலைகளைக் கிள்ளி, பக்கக் கொழுந்துகளை ஒடித்து, காற்று போக வழி விட்டேன். அதற்குப் பின் வந்த குருத்துகளில் தூள் குறைந்தது. நிழல் குறையாத இடத்தில் மருந்தை மட்டும் கூட்டிப் பயனில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

செப்டெம்பரில் அறுத்தோம். மேற்கு மூலையில் சில குலைகளைக் கழித்துப் போட வேண்டியிருந்தது, மற்றவை நல்ல கறுப்பாகப் பழுத்தன. மாமா வீட்டுக்கும் ஒரு கூடை போனது. அடுத்த கவ்வாத்துக்கு முன் பட்டர்புரூட் மரத்தின் இரண்டு கிளைகளை இறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வலைக்கோலம் விழுந்த தடிகளில் இப்போதே சிவப்பு நூல் கட்டியாயிற்று, வெட்டும்போது தேடி நிற்க வேண்டியதில்லை.