பென்சிலா, பேனாவா?

2003-இல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த வேலை, 22ஆம் குரோமோசோமில் மனச்சிதைவு நோயோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடுவது. வீட்டில் கேட்டால் "ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை" என்று முடித்துக்கொள்வேன்.

ஏன் 22? மனிதக் குரோமோசோம்களில் முதன்முதலில் டி.என்.ஏ. எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது அதுதான், 1999 டிசம்பரில். குறைந்தது 545 மரபணுக்கள் என்றார்கள். அதைவிட முக்கியம், அதில் ஓரிடத்தில் சுமார் 30 லட்சம் எழுத்துகள் விடுபட்டுப் பிறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, வளர்ந்தபின் மனச்சிதைவு வருகிறது. மூளையின் வேதிப்பொருளான டோபமைனை உடைக்கும் கோம்ட் (COMT) மரபணுவும் அந்தத் துண்டுக்குள்தான். தேடுவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது!

முறை கேட்க எளிது. நோய் பல பேருக்கு வந்த குடும்பத்தில் எல்லாரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். சிஏ சிஏ சிஏ என்று ஒரே எழுத்து ஜோடி திரும்பத் திரும்ப வரும் இடங்கள்தான் மைல்கல். ஒருவருக்குப் பதினெட்டு முறை வரும், இன்னொருவருக்கு இருபத்தொன்று. எந்த மைல்கல்லின் எண்ணிக்கை நோயோடு சேர்ந்தே தலைமுறை இறங்குகிறதோ, அதன் பக்கத்தில் மரபணு இருக்கலாம். தற்செயல் இல்லை என்று சொல்ல லாட் ஸ்கோர் என்ற மதிப்பெண் 3 வேண்டும், அதாவது தற்செயலைவிட ஆயிரம் மடங்கு சாதகம்.

செந்தூல் குடும்பம் ஒன்றில் எங்களுக்கு 3-ஐத் தாண்டியது. அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் எல்லாருக்கும் என் செலவில் தே தாரேக், அதாவது ஆற்றிய பால் தேநீர்.

மறுவாரம், விட்டுப்போன பிறந்த தேதிகளைக் கேட்க அந்த வீட்டுக்குப் போனேன். வம்சாவளிப் படத்தை மேசையில் விரித்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். "இது என் மவன். இது பேரன். என் தம்பிய மட்டும் ஏன்யா வெள்ளையா விட்டுட்ட?"

"சின்னத் தாத்தா நல்லாத்தானே இருக்காரு பாட்டி?"

வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரயில்வே பட்டறையில இருந்தப்ப மூணு வருசம் தஞ்சோங் ரம்புத்தான்ல கெடந்தான். பொண்ணு பாக்குற வயசு. பகாங்ல தோட்ட வேலைன்னு சொல்லிட்டோம்." முதலில் எங்களுக்கு விவரம் சொன்னது மருமகள், அவருக்கும் பகாங் கதைதான் தெரியும். (1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயரையே நாங்கள் பள்ளியில் வசவாகப் பயன்படுத்தியவர்கள். பாட்டி மறைத்ததில் வியப்பில்லை.)

மருத்துவர் வந்து பேசி, பழைய ஏட்டைப் பார்த்து உறுதிசெய்ய இரண்டு மாதம் ஆனது. சின்னத் தாத்தாவிடம் நோயோடு வந்த அந்த எண்ணிக்கை இல்லை. அவர் கட்டத்தைக் கறுப்பாக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினேன். 1.4.

ஆமிஷ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவக் குழுவின் குடும்பங்களில் இருமுனைக் கோளாறு என்ற மனநோய்க்கு 11ஆம் குரோமோசோமில் இடம் பிடித்ததாக 1987-இல் அறிவித்து, 1989-இல் அது கைநழுவிய கதை எனக்கு முன்பே தெரியும். நலமாக இருந்த இருவர் இடையில் நோயுற்றதும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம். படித்தபோது அவர்களுடைய கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன்!

இன்று பெரும்பாலும் ஒரு குடும்பத்தில் ஒரு மரபணுவைத் தேடுவதில்லை. 76,000-க்கும் மேற்பட்ட மனச்சிதைவு நோயாளிகளை வைத்து 2022-இல் சொன்ன கணக்கு, மரபணுத் தொகுதி முழுக்க 287 இடங்கள். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான்.

அன்று கிளம்பும்போது பாட்டி கதவுவரை வந்தார். வீட்டில் கல்யாணத்துக்குப் பேத்தி இருந்தாள்.

"எழுதிக்கிட்டியா தம்பி? பென்சில்லயா, பேனாவுலயா?"

"பென்சில்தான் பாட்டி" என்றேன். பேனா சட்டைப்பையில் இருந்தது.