ஆங்கிலத்தின் எண்ணாப் பெயர்ச்சொற்கள்: அடங்கியவை 51, அடங்காதவை 9

‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று, எண்ண முடியாத சொற்களைப் பன்மையாக்கும் தப்புகள் மூன்றும் ஒருவழியாக ஒழிந்தன. ஆன்கியில் (மனப்பாட அட்டைச் செயலி) சொல்லுக்கு ஒன்றாக 60 அட்டை, ஆறு வாரம். இன்னும் அடம்பிடிப்பவை 9. ஒன்பதும் சறுக்குவது ஒரே இடத்தில், சொல்லுக்கு முன்னால் வரும் ஆங்கில ‘எ’ (a).

முதலில் செய்த அட்டைகள் வீண். முன்பக்கம் ‘லக்கேஜ்’, பின்பக்கம் ‘எண்ண முடியாது’. அட்டையில் நூற்றுக்கு நூறு வரும், எழுத உட்கார்ந்தால் ‘டூ லக்கேஜஸ்’ வரும். நமக்கு ‘இரண்டு தகவல்’, ‘இரண்டு தகவல்கள்’ இரண்டுமே சரி; எண்ணை ஒட்டி அந்தச் சொல் நிற்கலாமா என்று காது சந்தேகப்படுவதே இல்லை. அதனால் எண்ணையும் அட்டையிலேயே வைத்து, அதற்கடுத்த இடத்தைக் காலியாக விட்டதும் பிடிபட்டது: ‘டூ ____ லக்கேஜ்’. விடை ‘பீசஸ் ஆஃப்’. சோப்புக்கு ‘பார்’, பிரெட்டுக்கு ‘லோஃப்’, நியூஸுக்கு ‘ஐட்டம்’ என்றும் சொல்லலாம்.

இப்போது அந்த ‘எ’. ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலிஷ்’ சரி, ‘எ குட் அட்வைஸ்’ தப்பு. இரண்டும் எண்ணாச் சொல், பெயரடையும் ஒன்றே! நாலெட்ஜ், எஜுகேஷன், ஹெல்ப் போன்ற சில சொற்கள் ‘எ’வை ஏற்கும் (‘எ குட் எஜுகேஷன்’, ‘எ கிரேட் ஹெல்ப்’). ஆனால் ‘நாலெட்ஜஸ்’ என்று பன்மையாக்க முடியாது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், புரோக்ரஸ், வெதர் ஆகியவை எந்தப் பெயரடை வந்தாலும் ‘எ’வை உள்ளே விடாது. இதற்குச் சுருக்கமான விதி தேடுவது நேர விரயம். சரியும் தப்பும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நிற்கிறது.

அகராதி வாங்குவோர் கவனிக்க: கற்போருக்கான அகராதியாகப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ‘சி’ (எண்ணக்கூடியது), ‘யு’ (எண்ண முடியாதது) குறி இருக்கும். தாய்மொழிக்காரர்களுக்கான பெரிய அகராதிகள் பலவற்றில் அது கிடையாது. அந்தக் குறி இல்லாமல் ‘பேப்பர்’ காகிதமா, ‘எ பேப்பர்’ என்று நாளிதழா, ‘ஹேர்’ தலைமுடியா, ‘எ ஹேர்’ என்று ஒற்றை முடியா என்று பிரிக்க முடியாது. இவற்றுக்குச் சொல்லுக்கு இரண்டு அட்டை.

அடுத்து, எண்ணாச் சொல்லோடு எண்ணக்கூடிய இணையைச் சேர்த்த ஜோடி அட்டைகள்: டிராவலுக்கு ‘எ ட்ரிப்’, ஒர்க்குக்கு ‘எ ஜாப்’, லக்கேஜுக்கு ‘எ சூட்கேஸ்’. பன்னிரண்டு ஜோடி தயார். அந்த ஒன்பது அப்படியே கிடக்கின்றன.