கண்ணீர் சொரி மலர்

மொத்தம் நாற்பதே எழுத்து. வரிக்கு ஐந்தாக எட்டு வரி. து ஃபு என்ற சீனக் கவிஞர் 757ஆம் ஆண்டு வசந்தத்தில் எழுதிய கவிதை. எனக்குச் சீனம் பேச வராது. போனில் ஓர் அகராதியும் நாலைந்து ஆங்கில மொழிபெயர்ப்பும் வைத்துக்கொண்டு, கரண்ட் போகாத இரவுகளில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்பதுதான் என் படிப்பு. ஆனாலும் இந்த நாற்பதோடு மல்லுக்கட்டியதில் சீனத்தைவிடத் தமிழைத்தான் அதிகம் படித்தேன் போலிருக்கிறது.

கதை இதுதான். 755இல் ஆன் லுஷான் என்ற தளபதி பேரரசருக்கு எதிராகக் கிளம்புகிறான். அடுத்த வருடம் தலைநகர் சாங்ஆன் விழுகிறது. (அந்தப் பெயருக்கு 'நீண்ட அமைதி' என்று பொருள், என்னத்தைச் சொல்ல.) மனைவி பிள்ளைகளை வடக்கே ஒரு கிராமத்தில் விட்டுவிட்டு வந்த து ஃபு, வழியில் கிளர்ச்சிக்காரரிடம் பிடிபட்டு நகருக்குக் கொண்டுவரப்படுகிறார். அங்கே இருந்து எழுதுகிறார்: நாடு உடைந்தது, மலையும் ஆறும் இருக்கின்றன.

'நாடு' என்பதற்கு அவர் போட்ட எழுத்து குவோ. அதன் பழைய வடிவத்தில் ஒரு சின்னச் சதுரம், அது ஊர். பக்கத்தில் நீளப் பிடி போட்ட ஒரு வெட்டாயுதம். பிறகு இரண்டையும் சுற்றி ஒரு மதில். ஆக, ஆயுதம் பிடித்துக் காவல் காக்கிற இடம்தான் நாடு. இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர்ப்பெயர் ஞாபகம் வந்தது. கிளிநொச்சியில் இருக்கிற நொச்சி, நமக்குத் தடிமன் வந்தால் ஆவி பிடிக்கிற இலை, அவ்வளவுதான். பழந்தமிழிலோ மதிலைக் காத்து நிற்கிறவர்கள் சூடுகிற பூ, அந்தப் போருக்கே அதுதான் பெயர். பூவின் பெயரை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் வெளியாள் ஒருவருக்கு அதில் என்ன கிடைக்கும்? ஓர் இலை கிடைக்கும்.

சரி, எழுத்தைப் பிரித்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்துத் தலைகால் தெரியாமல் ஆடினேன். 'உடைந்தது' என்ற எழுத்தில் இடப்பக்கம் கல், வலப்பக்கம் தோல். ஆகா, கல் பட்டுத் தோல் கிழிந்த நாடு என்று ஒரு நண்பருக்கு வொய்ஸ் மெசேஜ் வேறு அனுப்பினேன். பிழை. கல்தான் பொருளைக் காட்டுகிறது, தோல் அங்கே ஒலிக்காக வந்து நிற்கிறது. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான், ஒரு பாதி பொருள், மறுபாதி ஓசை. படம் பார்த்துக் கதை சொல்கிற ஆசை எல்லாருக்கும் உண்டு. எங்கள் பகுதியான 'வன்னி'யின் பெயருக்கு மரம் என்றும் நெருப்பு என்றும் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிற நமக்கு இது புதிதா என்ன.

இரண்டாவது வரி: நகரில் வசந்தம், புல்லும் மரமும் ஆழம். 11ஆம் நூற்றாண்டில் சீமா குவாங் என்ற அறிஞர் இதற்கு உரை சொல்லும்போது, மலையும் ஆறும் இருக்கின்றன என்றால் வேறொன்றும் மிஞ்சவில்லை, புல் ஆழம் என்றால் ஆள் இல்லை என்று விளக்கியிருக்கிறார். சொல்லாமல் விட்டதில்தான் கவிதை என்கிறார், நம் உள்ளுறை மாதிரி. ஆனால் இந்த வரிக்கு எங்களுக்கு உரை தேவையில்லை. போர் முடிந்து 2010இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது வளவு எது, ஒழுங்கை எது என்று தெரியவில்லை. நாயுண்ணிப் பற்றை கூரை மட்டத்துக்கு நின்றது, கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள்.

மூன்றாவது வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். காலத்தை எண்ணி, பூ, சிந்து, கண்ணீர். அழுவது யார்? பூவா, பூவைப் பார்த்த கவிஞரா? சீனத்தில் வினைக்கு விகுதி இல்லை, காலமும் இல்லை, இரண்டு விதமாகவும் வாசிக்கிறார்கள். தமிழில் 'சிந்தின' என்றால் பூ அழுதுவிட்டது, 'சிந்தினேன்' என்றால் நான். நம் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பல நாள் இதிலேயே கிடந்தேன். அப்புறம் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போகும்போது பள்ளிக்கூடத்தில் படித்த வினைத்தொகை ஞாபகம் வந்தது. ஊறுகாய் எப்போது ஊறியது? நேற்றா, இன்றா, நாளையா, சொல்லாது. ஆடுபாம்பு என்றால் பாம்பு ஆடுகிறது, ஆடுகளம் என்றால் களம் ஆடுவதில்லை, களத்தில் வேறு யாரோ ஆடுகிறார்கள். அப்படியென்றால் 'கண்ணீர் சொரி மலர்'. கண்ணீர் சொரிகிற மலராகவும் இருக்கலாம், யாரோ கண்ணீர் சொரிந்த மலராகவும் இருக்கலாம். ஆங்கிலக்காரர் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டியிருந்த இடத்தில் நமக்கு இரண்டையும் பிடித்து வைக்க ஒரு சொல் இருக்கிறது! வண்டியை ஓரமாக நிறுத்தி எழுதி வைத்தேன்.

ஆறாவது வரி எல்லாருக்கும் பிடித்தது: வீட்டுக் கடிதம் பத்தாயிரம் பொன் பெறும். 'வீடு' எழுத்தில் கூரைக்குக் கீழே ஒரு பன்றி (ஏன் பன்றி என்று அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள்), 'கடிதம்' எழுத்தில் தூரிகை பிடித்த கை. யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி போரில் பூட்டிக் கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவின் கடிதம் கைமாறிக் கைமாறி வந்து சேரும், உறையே நைந்திருக்கும். அதற்கு என்ன விலை என்று அம்மம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

போன கிழமை அவவுக்குத் தமிழில் முழுதும் வாசித்துக் காட்டினேன். வினைத்தொகையை எல்லாம் அவ கணக்கிலேயே எடுக்கவில்லை. புல்லும் மரமும் ஆழம் என்ற இடத்தில், "மிதிவெடி பாத்துத்தானே இறங்கினவை?" என்றா. அந்தக் காலத்தில் அது இல்லை என்றேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மனுசனுக்குக் கடிதம் வந்ததோ?" என்று கேட்டா.

வந்தது. அதே வருடம் நகரிலிருந்து தப்பிப் போன பிறகு வந்தது, அதற்கும் ஒரு கவிதை எழுதியிருக்கிறார், அதில் கரடி என்று செல்லமாகக் கூப்பிடுகிற மகன் சுகமாக இருக்கிறானாம் என்றேன்.

"கரடியோ?" என்று சிரித்தா அம்மம்மா. "பிள்ளைக்கு வேற பேர் கிடைக்கேல்லையாமோ."