வேறு கிளைகள் இல்லை

எங்கள் குடும்பத்தில் பெயர் வெட்டாத பாத்திரமே கிடையாது. எவர்சில்வர் குடம் முதல் உப்பு டப்பா வரை தாத்தாவின் பெயர் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்த ரத்தம்தான் சித்தப்பாவுக்கும். மதுரை மேலமாசி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு ஜிகர்தண்டா கடை வைத்திருக்கிறார். ஸ்டூல், ஐஸ் பெட்டி, விளக்குமாற்றுக் கட்டை என்று எல்லாவற்றிலும் கடைப் பெயர் உண்டு. மிச்சம் இருந்தது கரண்டி மட்டும்தான்.

2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கரண்டிக்கு நாடு முழுவதும் தடை வந்துவிட்டதால், பார்சல் கோப்பையோடு மரக்கரண்டிதான் கொடுக்கிறார். அதை வாயில் வைத்தால் நாக்கு வறளும். சிலருக்குப் பல் கூசும். பாதாம் பிசினை அதில் ஏந்துவது தனி வித்தை. வாய்க்கு வருவதற்குள் வழுக்கிச் சட்டையில் விழுந்துவிடும். இதெல்லாம் சித்தப்பாவின் கண்ணில் படவில்லை. பட்டது அதன் வெறும் காம்பு. "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே!" என்றார். இவ்வளவு இடம் என்று அவர் சொன்னது சுண்டுவிரல் அகலம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் போனது தெரிந்த பாத்திரக் கடைக்கு. அங்கே பெயர் வெட்டும் பெரியவர் பல கல்யாணங்களின் சீர்வரிசையைப் பார்த்தவர். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தின்றுவிட்டுத் தூக்கி எறிகிற சாமானுக்கா பெயர்?" என்று கேட்டபடியே மெஷினை வைத்தார். உர்ரென்று ஒரு சத்தம். இரண்டாம் எழுத்திலேயே கரண்டி நீளவாக்கில் பிளந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் பிளந்தது. "அண்டா ஏதாவது வாங்கினால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

மரத்துக்குச் சூட்டு அச்சுதான் சரி என்று யாரோ சொல்ல, ஒரு பட்டறைக்குப் போனோம். பித்தளை அச்சைச் சூடேற்றி அழுத்தினால் அந்த இடம் மட்டும் பழுப்பாகக் கருகி எழுத்து விழுகிறது. மை கிடையாது என்பதால் வாயில் ஒட்டுமோ என்ற பயமும் இல்லை. லேசரிலும் செய்யலாம். ஆனால் அது கோடு கோடாகச் சுட்டு எழுதும். ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். சித்தப்பாவிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

"ஒரே வரி, பத்து எழுத்துக்குள் சொல்லுங்கள். தமிழ்ச் சுழிகளைப் பொடியாக வெட்டினால் உள்ளே கருகி அடைத்துக்கொள்ளும்" என்றார் பட்டறைக்காரர்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பிள்ளையார் சுழி, தாத்தா பெயர், கடைப் பெயர், செல்போன் எண், அடியில் 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'. பட்டறைக்காரர் தாளைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இதற்கு உலக்கைதான் சரிப்படும்."

விவகாரம் வீட்டுக்கு வந்து சித்தியின் பஞ்சாயத்துக்குப் போனது. "ஊர் எச்சிலில் பிள்ளையாரா?" என்றார் சித்தி. சுழி போயிற்று. "மாமா பெயரைக் குப்பைத் தொட்டியிலா போடுவது?" தாத்தாவும் போனார். செல்போன் எண்ணில் 6 வரும், 8 வரும். அடைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆர்டர் வேறு யாருக்கோ போகும். கடைப் பெயரில் 'ஒரிஜினல்', 'பாரம்பரிய', 'புகழ்பெற்ற' மூன்றும் இருக்கின்றன. எதை விடவும் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. "கடைப் பெயர்தான் எல்லோருக்கும் தெரியுமே. தெரியாததைப் போடுவோம்" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆக, கடைப் பெயரே இல்லாமல் 'வேறு கிளைகள் இல்லை' என்று மட்டும் பொறித்த மரக்கரண்டிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பட்டறைக்காரர் சொன்னபடியே ஒன்றிரண்டு புள்ளிகள் கருகலில் காணாமல் போயிருந்தன. வாசனையும் ருசியும் ஏறாது என்பதால் இந்த மாதிரிக் கரண்டியைப் பெரும்பாலும் பூர்ஜ மர (பிர்ச்) வகையில் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் வடக்கே இமயமலைப் பூர்ஜ மரப் பட்டையில் சுவடி எழுதினார்கள். அப்படிப்பட்ட பக்ஷாலி கணிதச் சுவடி இன்றும் ஆக்ஸ்போர்டில் பத்திரமாக இருக்கிறது. சித்தப்பாவின் சுவடிகள் மேலமாசி வீதியெங்கும் பத்திரமில்லாமல் கிடந்தன.

முன்பெல்லாம் தெருவில் கிடக்கும் கரண்டி யார் கடையுடையது என்று எவராலும் சொல்ல முடியாது. இப்போது ஊரில் இப்படிக் கரண்டி கொடுக்கிற ஆள் ஒருவர்தான். ஒரு நாள் காலை, தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் பை நிறையப் பொறுக்கி வந்து கல்லாவுக்கு முன்னால் வைத்தார். "உங்கள் சாமான்தானே? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாசலில் ஒரு குப்பைக்கூடை வையுங்கள்."

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா பையைக் கிளறிக்கொண்டிருந்தார். "இத்தனையும் இந்தத் தெருவிலா கிடந்தன?"

"பாதி இங்கே. மீதி விளக்குத்தூண் பக்கம் பெருக்குகிறவள் கொடுத்து அனுப்பினாள்."

"விளக்குத்தூண் வரைக்குமா!" சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சித்தியின் பக்கம் ஒரு வெற்றிப் பார்வை வீசிவிட்டு, அந்த அம்மாவுக்குப் பெரிய ஜிகர்தண்டாவாக ஒன்று போடச் சொன்னார். கடைப் பையன் கோப்பையோடு கரண்டியையும் நீட்டினான்.

"கரண்டி வேண்டாம், தம்பி. நாளைக்கு அதையும் நான்தான் பொறுக்க வேண்டும்."