நோவு மேலே ஏறட்டும்

ஜூன் 9, திங்கள்

விடியற்காலை தொட்டே மழை. மழைமறைப்பு கட்டாத ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோனது. இவ்வளவு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் இப்போதுதான் பிசியோதெரபிக்கு என்னிடம் மார்த்தாண்டத்துக்கு இறங்கி வருகிறார்கள்.

இன்று அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு மாமா, மாமியோடு. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கால் பெருவிரல் வரை சுள்ளென்று ஒரு கடுப்பு. இருமினாலும் தும்மினாலும் கூடும். "நரம்பு ஏறிக் கெடக்கு மக்களே. ஒரு பிடி பிடிச்சு எறக்கி விடு."

மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கினேன். 40 டிகிரி தாண்டுமுன் முகம் சுருங்கிவிட்டது. பெருவிரலை மேலே தூக்குகிற பலம் வலது காலைவிடக் கொஞ்சம் குறைவு. மூத்திரம், மலம் அடக்குவதில் சிரமம் உண்டா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்று கேட்டதும் மாமா மோட்டைப் பார்த்தார். மாமிதான் "ஒண்ணுமில்ல" என்றார். உண்டென்று சொல்லியிருந்தால் கையே வைக்காமல் அப்போதே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பியிருப்பேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் உங்கள் முதுகில் கைவைப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜூன் 12, வியாழன்

நோவுள்ள பக்கம் மேலே வரும்படி சரித்துப் படுக்கவைத்து, இரண்டு முட்டியையும் மடக்கி, இடுப்பைப் பைய ஆட்டினேன். நரம்பின் வேர் வெளியே வரும் துவாரம் அந்தப் பக்கத்தில் சற்றே விரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பிறகு கட்டில் விளிம்பில் உட்காரவைத்து நரம்பை வழுக்கி நகர்த்தும் பயிற்சி: முட்டியை நீட்டும்போது தலையை நிமிர்த்து, மடக்கும்போது தலையைக் குனி.

இடுப்பின் நாலாவது முள்ளெலும்பிலிருந்து வால்பக்கம் வரை வருகிற வேர்கள் ஒன்றுசேர்ந்து விரல் தடிமனில் இறங்குவதுதான் சயாட்டிக் நரம்பு. கால் அசைய அசைய அதுவும் தன் இடத்தில் வழுக்கி நகரும். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி வேர் வீங்கியிருக்கும் நேரத்தில் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் கோபித்துக்கொள்ளும். கீழே இழுக்கும்போது மேலே தளர்த்திக் கொடுக்க வேண்டும்.

மாமாவுக்குத் திருப்தியில்லை. "ஆசான் தடவுனா ஒரு சத்தம் கேக்கும். நீ தொட்டில்லா ஆட்டுற?" இது வர்ம ஆசான்மாரின் மண். உடம்பின் உயிர்நிலைகளில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று படித்து வந்த பரம்பரை. எங்கே தொடக் கூடாது என்று அறிந்த கைகளிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கால்வரை கடுப்பு இறங்கியிருக்கும்போது முதுகில் ஏறி மிதிப்பவர்களிடம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

பத்துத் தடவை என்றதை நூறாகச் செய்துவிட்டு வந்திருக்கிறார். சீக்கிரம் குணமாகுமாம்! பெருவிரல் மறுபடி சுள்ளென்கிறது. ஐந்தாகக் குறைத்தேன். மாமியைக் காவலுக்கு வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

"கால் பரவாயில்ல, இப்ப முதுகுக்கு வந்துட்டு" என்று சண்டைக்கு வந்தார். எனக்கோ சந்தோஷம். பாதத்தை விட்டு, கெண்டைக்காலை விட்டு, நோவு முதுகெலும்புப் பக்கம் ஒதுங்குவது நல்ல குறி. 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் தூக்கியிருந்த கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி கிடந்தவருக்குக் கால்வலி போயிருந்ததாம். மெக்கென்சியின் சிகிச்சை முறைக்கே அதுதான் தொடக்கம். கதையைக் கேட்டு மாமா சிரித்தார். அவரையும் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கச் சொன்னேன். முதுகு பிடித்தது, கால் வரை போகவில்லை.

என் தொழிலைப் பற்றி நானே சொல்வதானால், இந்த வகை நோவு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். என் கை, கொஞ்ச நேரத்துக்கு நோவைக் குறைக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆள் பயமில்லாமல் அசைந்து பழக வேண்டும். டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ளிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஜூலை 5, சனி

கால் 70 டிகிரி வரை வருகிறது. பெருவிரல் பலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல.

இனி வேலைக்குத் திரும்புவதுதான் பிரச்சனை. ஒட்டு ரப்பரில் முதல் வெட்டை 125 செ.மீ. உயரத்தில் தொடங்குவார்கள். வருடா வருடம் வெட்டு கீழே இறங்கும், வெட்டுகிறவர் முதுகும் கூடவே மடியும். மாமாவின் பிளாக் முழுக்கத் தாழ்ந்த பட்டை. வேறு பிளாக் தர முதலாளிக்கு மனசில்லையாம். ஒரு முட்டியை ஊன்றி, முதுகை மடக்காமல் வெட்டுவதை இன்று கட்டில் காலை மரமாக வைத்துப் பழக்கினேன். முதலில் பாதி மரங்கள் போதும் என்றேன். தலையாட்டினார், எவ்வளவு கேட்பாரோ.

கிளம்பும்போது மாமி தன் வலது கையை நீட்டினார். அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பு உடைக்கிற கை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரி மரத்துப்போகும், உதறினால் சரியாகும், சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது போலத் தெரிகிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.