பூனைக்குத் தனி எண் இல்லை

இறக்குமதிச் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் விவரப் படிவம், போடுவது என் வேலை. பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம். சரக்கை இறக்குமதி செய்யும் பார்ட்டி அனுப்பும் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் பார்த்து, வருவது என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படும் என்று எழுதி, அதற்குரிய எட்டு இலக்க எண்ணைப் போட வேண்டும். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்காதவர்கள் குறைவு. வண்ணதாசன் வங்கியில் இருந்தார், ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தார் என்று முன்பெல்லாம் பதில் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. கதைக்கு வேண்டிய பாதிப் பயிற்சியை இந்த வேலைதான் கொடுத்தது என்பது என் கட்சி.

ஒரு காலத்தில் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நேரில் போய் நிற்கலாம். “சார், இது பார்க்கத்தான் ஸ்டீல் மாதிரி இருக்கும்” என்று கையை ஆட்டி விளக்கலாம். 2020 ஜூனில் முகமில்லா மதிப்பீடு என்று ஒரு புதிய நடைமுறை வந்தது. முதலில் தொடங்கியது பெங்களூருவிலும் சென்னையிலும்தான். அந்த அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. என் பில்லை எந்த ஊரில் எந்த அதிகாரி பார்க்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது, பொருளையும் அவர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். நான் எழுதிய இரண்டு வரியை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும். ‘கிச்சன் ஐட்டம்ஸ்’ என்று எழுதினால் உடனே க்வெரி வரும். என்ன ஐட்டம், என்ன உலோகம், கரண்டில் ஓடுமா? அதற்குப் பதில் போய்ச் சேர்வதற்குள் சரக்கை இலவசமாக வைத்திருக்கும் ஃப்ரீ டேஸ் முடிந்து டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏற ஆரம்பிக்கும். பார்ட்டி போனில் கத்துவார். அதனால் ‘துருப்பிடிக்காத எஃகு இடுக்கி, சிலிகோன் கைப்பிடி, வீட்டு உபயோகத்துக்கு’ என்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

இந்தப் பழக்கம் ராத்திரி கதை எழுத உட்காரும்போதும் கூடவே வருகிறது. ‘அழகான மாலைப்பொழுது’ என்று எழுதினால் எனக்குள்ளேயே ஒரு க்வெரி விழும். எந்தத் தெரு, வெயில் இருந்ததா, சாக்கடை நாற்றம் வந்ததா? ‘சோகமான முகம்’ என்பதற்கும் அதே கதிதான். முன்பின் தெரியாத வாசகர் எங்கோ உட்கார்ந்து படிக்கிறார், அவரிடம் போய்க் கையை ஆட்டி விளக்க முடியாது.

எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்ட பிறகும், எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று சொல்லும் டாரிஃப் புத்தகத்தை மேஜையில் வைத்திருக்கிறேன். வேலை இல்லாத மத்தியானங்களில் சும்மா புரட்டுவேன். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், கடைசி இரண்டு நம் நாட்டுக்கு. உயிருள்ள விலங்குகள் பக்கத்தில் குரங்கினங்களுக்கு ஓர் எண், திமிங்கிலத்துக்கு ஓர் எண், ஒட்டகத்துக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று என்று இருக்கும். பூனைக்குத் தனி எண் கிடையாது. 0106 19இல், ‘மற்றவை’யில் போக வேண்டியதுதான். ஆனால் பூனை தின்னும் பாக்கெட் தீனிக்கு 2309 10 என்று தனி எண் உண்டு, நாய்த்தீனியோடு சேர்த்து. புத்தகத்திலும் இதே கூத்துதான். அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் 4901 91, நாவலுக்கு 4901 99, அதாவது அதுவும் மற்றவை. 2019 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு 5 சதவீத வரி போட்டபோது அகராதி, நாவல் என்று பேதம் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். சினிமா ஃபிலிமுக்கு 3706 என்று ஒரு தலைப்பே இருக்கிறது, 35 மில்லிமீட்டரை வைத்து இரண்டாகப் பிரித்து. படச்சுருள் ஓட்டிய காலம் போய், எங்கள் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரையே 2020இல் மூடிவிட்டார்கள். 3706ஐ மூட இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

அதே 2020 தொடக்கத்தில், கொரோனா பயம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னரில் பூனை ஒன்று இருந்தது. அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், விலங்கு ஆர்வலர்கள் கூடாது என்றார்கள். பேப்பரில் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பில்லும் நகரவில்லை. இன்வாய்ஸ் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, எந்தத் துறைமுகத்தில் உள்ளே புகுந்தது என்பதற்குச் சாட்சியும் இல்லை. இதற்கு பில் போடச் சொன்னால் பூர்விக நாடு என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று சீனியர் அண்ணன் ஒருவர் கடைசிவரை விவாதித்தார்.

எங்கள் வீட்டுப் பூனையின் பூர்விகம் மணலி. அங்கே கன்டெய்னர்களை இறக்கிவைக்கும் ஒரு சி.எஃப்.எஸ். யார்டில் எலித் தொல்லைக்காகப் பூனைகளை விட்டுவைத்திருந்தார்கள். சரக்கு எக்ஸாமினேஷனுக்குப் போன இடத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டது. பெயர் பில்லு. அதற்குக் கஷ்ட காலம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது. ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குக் காசிமேட்டில் ஏக கிராக்கி. சரி, பாக்கெட் தீனி வாங்கிப் பார்ப்போம் என்று ஒரு தடவை வாங்கிவந்தேன். பில்லு கிட்டே வந்து முகர்ந்தது, பிறகு அதைச் சுற்றி மண் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டு பீரோவுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. 2309 10க்கு இவ்வளவுதான் மரியாதை. மறுநாள் மீன்கார அக்காவிடம் போனேன். “இன்னாம்மா, பூனைக்கா? மன்சனுக்கே இல்ல, இதுல பூனைக்கு வேற” என்றவர், ஒரு கை காரப்பொடி மீனை அள்ளிப் பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

வடசென்னையைப் படம் எடுப்பவர்களிடமும் எனக்கு ஒரு க்வெரி உண்டு. ஒரு சுவரை வைத்தே ஹவுசிங் போர்டு அரசியலைச் சொன்ன ‘மெட்ராஸ்’ (2014), எழுபதுகளின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைக் காட்டிய ‘சார்பட்டா பரம்பரை’ (2021), இரண்டும் பா. ரஞ்சித்துடையவை, இவற்றுக்குக் கேள்வியே கேட்காமல் அவுட் ஆஃப் சார்ஜ், அதாவது சரக்கை வெளியே விடும் அனுமதி, கொடுத்துவிடலாம். மற்ற பலதில் பொருள் வடசென்னை, விவரம் கத்தி, கஞ்சா, கானா என்று போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் தொழிலில் இப்படித் தவறான விவரம் கொடுப்பதற்கு மிஸ்டிக்ளரேஷன் என்று பெயர், அபராதம் உண்டு. இவ்வளவு படத்தில் என்னைப் போல டப்பாவில் தயிர்சாதத்தோடு பீச் ஸ்டேஷனில் இறங்கும் ஒரு குமாஸ்தா வந்து நான் பார்த்ததில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட் திறக்கக் காத்துக் கிடக்கும் டிரெய்லர்களைத் துரத்தல் காட்சியில் குறுக்கே நிறுத்துவார்கள், அதோடு சரி. உள்ளே இருக்கும் டிரைவர் ராத்திரி என்ன செய்வார்? வண்டி ஓரத்தில் சின்ன ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு வைப்பார். வரிசை நகர்ந்தால் கிளீனர் கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார்.

அந்த டிரைவரை வைத்து ஒரு கதை தொடங்கியிருக்கிறேன். ஊர் நாமக்கல் பக்கம். கத்தியும் ஒன்று வருகிறது. ஆறு அங்குலம், பிளாஸ்டிக் பிடி, வெங்காயம் நறுக்க.