பழைய கார் ஃபேன் பெல்ட்: நீளத்துக்கு முன்னால் அகலம்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எந்த ஸ்பேர்ஸ் கடையில் ஏறி ஃபேன் பெல்ட் கேட்டாலும் முதல் கேள்வி "எந்த வண்டி?" என்பதுதான். அம்பாசிடர், பத்மினி என்றால் அதோடு பேச்சு முடிந்தது. 1940-களின் ஆஸ்டின், செவ்ரோலே என்றால் வண்டிப் பெயர் உதவாது, அளவு வேண்டும். அளவு என்றதும் எல்லோரும் நீளத்தைச் சொல்கிறார்கள். நீளம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால், அதே பெல்ட்டில் ஓடி மின்சாரம் தரும் டைனமோவை நகர்த்திச் சரிக்கட்டலாம். அகலம் தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபேன் பெல்ட் என்பது வி வடிவக் குறுக்குவெட்டுள்ள வி-பெல்ட். அது புல்லியின், அதாவது பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரத்தின், அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. இரண்டு பக்கச் சுவர்களில் ஆப்பு மாதிரி இறுகித்தான் இழுக்கிறது. சரியான பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு சமமாகவோ ஓர் இழை மேலேயோ நிற்கும், அடியில் இடைவெளி இருக்கும். அகலம் குறைந்தது அடியில் போய்த் தட்டிவிடும். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கழற்றிய பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் இதுதான் நடந்திருக்கிறது. சரியான அகலமுள்ள புது பெல்ட்டும் அப்படியே இறங்கினால் புல்லி தேய்ந்துவிட்டது. சுவரில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். நடுவில் குழி தெரிந்தால் புல்லியை மாற்றாமல் பெல்ட் மாற்றுவது தண்டம்.

வெர்னியர் அளவுகோலால் புல்லி பள்ளத்தின் வாயை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கார் பெல்ட்டில் அதிகம் கிடைப்பது 10 மி.மீ., 13 மி.மீ. அகலம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் இன்னும் அகலமானவையும் உண்டு.

நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. கார் பெல்ட்டில் ஏவி13×900 (13 மி.மீ. அகலம்) என்று அச்சிட்டிருந்தால் 900 மி.மீ. என்பது வெளிச்சுற்று. மெஷின் பெல்ட்டில் ஏ-34 என்றால் 34 இஞ்ச் உள்சுற்று, அதாவது 864 மி.மீ. அதன் தடிமன் 8 மி.மீ., ஆகவே வெளிச்சுற்று ஏறக்குறைய 50 மி.மீ. கூடுதல். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். நூல் சுற்றி அளந்தால் நூல் பள்ளத்துக்குள் இறங்கி அளவு குறைந்துவிடும். அதே அகலமுள்ள வீணான பெல்ட் ஒன்றை வெட்டி, டைனமோவை எஞ்சின் பக்கத்திலிருந்து, அது நகரும் தூரத்தில் கால்வாசி வெளியே தள்ளி நிறுத்தி, சுற்றிப் பிடித்துக் குறி போடுங்கள். குறி வரைக்கும் டேப்பால் மேற்புறம் அளந்தால் அதுதான் வெளிச்சுற்று.

பழைய ஸ்டாக் என்று அட்டை உறையோடு காட்டினால் மயங்காதீர்கள். ரப்பர் ஓடாமலே கெட்டுப்போகும். உள்பக்கம் வெளியே வரும்படி மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். துணி சுற்றிய பெல்ட் பழைய வண்டிக்குப் பார்க்க லட்சணம். தினம் ஓட்டுகிற வண்டிக்குப் பல் வெட்டிய பெல்ட்டையே சொல்வேன். சின்ன டைனமோ புல்லியில் சுலபமாக வளையும், சூடு குறைவு.

மாட்டும்போது அம்பாசிடருக்கு இஞ்ச் ஸ்பேனர், பத்மினிக்கு மி.மீ. ஸ்பேனர். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டைனமோ திரும்புகிற பிவட் போல்ட்டுகளையும், அதை நகர்த்தி நிறுத்த உதவும் நீள்துளைப் பட்டையின் போல்ட்டையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கம் முழுக்கத் தள்ளுங்கள். பெல்ட்டை விசிறி இறக்கைகள் ஒவ்வொன்றையும் தாண்டி உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்நூல் அறும். வெளியே ஒன்றும் தெரியாது, சில நாளில் பெல்ட் புரண்டு விழும். இறுக்கும்போது நெம்புகோலை டைனமோவின் புல்லிப் பக்க மூடியில் வையுங்கள், உடம்பில் வைத்தால் நசுங்கும். இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் நீளமாக ஓடும் இடத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்க வேண்டும். அதிகம் இறுக்கினால் முதலில் போவது வாட்டர் பம்ப் பேரிங்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, எஞ்சின் ஆறியதும் மறுபடி பாருங்கள், 200 கி.மீ.க்குள் இன்னொரு முறை. ஓடும்போது டேஷ்போர்டில் பேட்டரி சார்ஜுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால், சில்க் போர்டு சந்திப்பு நெரிசல் நடுவே இருந்தாலும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். டைனமோவையும் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுவது அதே பெல்ட்தான், பெல்ட் போயிருந்தால் வெப்பமுள் ஏறுகிறவரை காத்திருக்கக் கூடாது.